எதிர்ப் பெட்டியிலும் ஆள் வேண்டும்

ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிச் சென்னைத் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி களைகட்டும். அரசுத் துறை அரங்குகள், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு பிள்ளைகளின் கால்கள் போய் நிற்கும் இடம் ராட்சத ராட்டினம். பள்ளியில் இயற்பியல் நடத்துகிற எனக்கும் அங்கே அதுதான் முதல் அரங்கு.

இந்தச் சக்கரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1889இல் பாரிஸ் கண்காட்சிக்கு ஐஃபெல் கோபுரம் எழுந்தது. அதற்கு ஈடாக ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று 1893 சிகாகோ கண்காட்சிக்காரர்கள் தேடியபோது, 80 மீட்டர் உயர எஃகுச் சக்கரத்தோடு வந்தார் அவர். மொத்தம் 36 பெட்டிகள். பெட்டிக்கு 60 பேர் வீதம் ஒரே நேரத்தில் 2,160 பேர் ஏறலாம். நிற்காமல் ஒரு சுற்று சுற்றிவர ஏறத்தாழ 9 நிமிடம். ஊரை உயரத்திலிருந்து பார்ப்பதுதான் அதன் இன்பம். மூன்றே ஆண்டுகளில், 37 வயதில், ஃபெர்ரிஸ் இறந்துபோனார். 1906இல் அந்தச் சக்கரமும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நம் பொருட்காட்சி ராட்டினம் அந்த உயரத்தில் சிறு பங்குதான் இருக்கும். ஆனாலும் லண்டன் நகரின் ‘லண்டன் ஐ’ ராட்டினத்தில் அமைதியாக அமர்ந்துவருகிறவர்கூட இதில் அலறுவார். காரணம் வேகம். 16 மீட்டர் உயரச் சக்கரம் ஒன்று 10 நொடிக்கு ஒரு சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோ எடையுள்ள சிறுமி உச்சியைக் கடக்கும்போது தன் எடை 20 கிலோ போல உணர்வாள். அடியில் வரும்போது 40 கிலோ போல. பத்து நொடிக்குள் எடை பாதியாகி, மறுபடி இரட்டிப்பாகிறது. அடிவயிற்றில் ஜிவ்வென்று இழுப்பது இதுதான். லண்டன் ஐ 135 மீட்டர் உயரம்; ஆனால் ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் எடை மாறுவதே தெரியாது.

சக்கரம் எத்தனை சுற்றினாலும் பெட்டி மட்டும் ஏன் கவிழ்வதில்லை? பெட்டி தொங்கும் அச்சு மேலே. ஆட்களின் பாரம் அதற்குக் கீழே. பாரம் கீழே இருக்கும்வரை பெட்டி தானாக நேர்ப்படும். ஒருவர் எழுந்து நின்றால் பாரம் மேலேறி, அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். “எந்திரிக்காதீங்க” என்று கீழேயிருந்து வருகிற அதட்டலுக்குப் பின்னால் முழுப் பாடமே இருக்கிறது.

நான் மிகவும் மதிப்பது ஆள் ஏற்றுகிற தம்பியின் வேலையை. வரிசையில் முன்னால் நிற்கிறவர்களை அடுத்தடுத்த பெட்டிகளில் அவர் ஏற்றிவிடுவதில்லை. ஒரு பெட்டி நிறைந்ததும் சக்கரத்தை அரைச் சுற்று சுற்றவிட்டு, நேர் எதிர்ப் பெட்டியைக் கீழே இறக்கி அதை நிரப்புகிறார். பிறகு அவற்றுக்கு இடைப்பட்ட பெட்டிகள். குடும்பத்தை ஒரு பார்வை பார்த்தே எடையைக் கணிக்கிறார். “அக்கா, நீங்க ரெண்டு பேரும் அடுத்த பொட்டில ஏறுங்க” என்பார். சில பேர் முகம் சுளிப்பார்கள். ஏன் அப்படிப் பிரிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு பக்கமே ஆளு இருந்தா மோட்டார் திணறும் டீச்சர். பிரேக் போட்டாலும் நினைச்ச எடத்துல நிக்காது” என்றார். திருப்புவிசையின் சமநிலையை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

லாரிகளில் துண்டு துண்டாக வந்து, திடலில் பூட்டப்பட்டு, பொருட்காட்சி முடிந்ததும் பிரிக்கப்படுகிற சக்கரம் இது. ஊருக்கு ஊர் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் மறுபடி முடுக்கப்பட வேண்டும். தரை இறங்காதபடி கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும். ஒரு கை தவறவிடலாம், ஒரு கண் கவனிக்காமல் போகலாம் என்ற சலுகை இந்த வேலையில் கிடையாது. அந்த உழைப்பாளிகளுக்குப் போதிய ஓய்வும் முறையான பயிற்சியும் கிடைக்கச் செய்வது, ஏறுகிற நம் பிள்ளைகளுக்கான பாதுகாப்பும்தான்.

சீட்டு வாங்குமுன் ஒரு சுற்று கீழே நின்று பாருங்கள். பெட்டிக் கதவின் கொக்கியை ஒவ்வொரு முறையும் ஆள் வந்து மாட்டுகிறாரா? எதிரெதிராக ஏற்றுகிறார்களா? காற்று பலமாக வீசினால் நிறுத்துகிறார்களா? இல்லையென்றால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று பிள்ளையை எண்ணச் சொல்லிவிட்டு ஏற்றிவிடுங்கள். மையநோக்கு விசை பாடம் வகுப்பில் வருகிற நாளில், அந்தப் பிள்ளைக்கு அது முன்பே பழகிய விஷயமாக இருக்கும்.