சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தாலும் எடுக்கச் சொல்வது ஏன்?

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் சாவி, நாணயம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிடுகிறோம். உடலில் ஒரு குண்டூசிகூட இல்லை. ஆனாலும் சில இடங்களில் அதிகாரி, "சட்டைப் பையில் இருக்கும் கைக்குட்டையையும் எடுத்துவிடுங்கள்" என்பார். துணிக்கும் ஆயுதத்துக்கும் என்ன தொடர்பு என்று பலருக்கும் எரிச்சல் வரும்.

காரணம், உலோகத்தை மட்டும் தேடும் காலம் முடிந்துவிட்டது.

உலோகத்தைத் தேடிய வாசல்

அமெரிக்காவில் 1973 ஜனவரியில் எல்லா விமானப் பயணிகளுக்கும் சோதனை கட்டாயமானது. விமானக் கடத்தல்கள் பெருகியிருந்த காலம் அது. கடத்தல்காரர்களிடம் இருந்தவை பெரும்பாலும் துப்பாக்கியும் கத்தியும்தான். அவற்றுக்கு உலோகத்தைக் கண்டறியும் வாசல் போதுமானதாக இருந்தது.

அந்த வாசல் தன்னுள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மின்சாரத்தைக் கடத்தும் பொருள் அதற்குள் வந்தால், அந்தப் புலம் சற்று மாறும்; உடனே ஒலி எழும். பிளாஸ்டிக், பீங்கான், மரம், தூள் ஆகியவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எனவே அவை கடந்து செல்லும்போது வாசல் மௌனமாகவே இருக்கும்.

இந்தக் குறை முன்பே தெரிந்த ஒன்று. உலோகக் கண்டறி கருவியில் சிக்காத துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 1988லேயே இயற்றியது. 2013ல் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கி தயாரிக்கப்பட்டபோது அந்தக் கவலை மீண்டும் தலைதூக்கியது.

2009 கிறிஸ்துமஸ் நாள்

ஆனால், சோதனை முறையையே மாற்றியது துப்பாக்கி அன்று. 2009 டிசம்பர் 25ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற நார்த்வெஸ்ட் விமானத்தில் ஏறத்தாழ 290 பேர் இருந்தனர். ஒரு பயணி தன் உள்ளாடைக்குள் வெடிமருந்துத் தூளை மறைத்து எடுத்து வந்திருந்தார். அது சரியாக வெடிக்கவில்லை. தீ மட்டுமே பற்றியது. சக பயணிகளும் விமானப் பணியாளர்களும் அவரை மடக்கிப் பிடித்தனர். உலோக வாசலுக்கு அவரிடம் கண்டுபிடிக்க எதுவுமே இருக்கவில்லை.

அதன் பிறகுதான் உடல் ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின. கைகளை உயர்த்தி நாம் நிற்கும் அந்தக் கூண்டு, மில்லிமீட்டர் அலைகளை அனுப்புகிறது. அவை துணியை ஊடுருவிச் சென்று தோலில் பட்டுத் திரும்பும். இடையில் வேறு பொருள் இருந்தால், திரும்பி வரும் அலை மாறுபடும். எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை.

இந்த இயந்திரத்துக்கு ஆயுதம் எது, கைக்குட்டை எது என்று தெரியாது. 'இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது' என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும். மடித்த காகிதம், தடித்த கொண்டை, சேலை மடிப்பு எதுவும் அதன் சந்தேகத்தைக் கிளப்பலாம். ஜெர்மனியின் ஹம்பர்க் விமான நிலையத்தில் 2010 செப்டம்பரில் தொடங்கிய முன்னோட்டத்தில் ஆடை மடிப்புகளே அடிக்கடி பொய் எச்சரிக்கை எழக் காரணமாயின. தொழில்நுட்பம் மேம்படும்வரை ஸ்கேனர்களைப் பரவலாக நிறுவப்போவதில்லை என்று அந்நாட்டு அரசு மறு ஆண்டு அறிவித்தது.

உடலின் படம் யாருக்கு?

இன்னொரு கேள்வியும் எழுந்தது. தொடக்ககால ஸ்கேனர்கள் ஆடைக்குள் இருக்கும் உடலின் வடிவத்தையே அதிகாரியின் திரையில் காட்டின. உயிர்ப் பாதுகாப்புக்காக மானத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று மக்கள் கொதித்தனர். இப்போது பெரும்பாலான கருவிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரியான பொம்மை உருவத்தைத்தான் காட்டுகின்றன. சந்தேகத்துக்குரிய இடத்தில் ஒரு கட்டம் தெரியும். அப்படி மாற்ற முடியாத கருவிகள் 2013ல் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன.

கைப்பைகளுக்கும் புதிய கண் வந்துவிட்டது. சாங்கி விமான நிலையத்தின் நான்காம் முனையத்தில் மருத்துவமனை சிடி ஸ்கேன் போன்ற கருவிகள் பையைப் பல கோணங்களில் படம் பிடிக்கின்றன. அதனால்தான் அங்கு மடிக்கணினியைப் பைக்குள்ளேயே விட்டுவிடலாம்.

இருந்தாலும் கருவி மட்டும் போதாது. 2015ல் வெளியான தகவலின்படி, அமெரிக்க அதிகாரிகள் மாறுவேடத்தில் நடத்திய 70 சோதனைகளில் 67 முறை தடைசெய்யப்பட்ட பொருள்கள் பிடிபடாமல் போயின. எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கருவி காட்டும். அங்கே இருப்பது என்ன என்பதை மனிதர்தான் கவனமாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

வயதான பெற்றோரை ஊருக்கு அழைத்துச் செல்வோர் இதை வீட்டிலேயே விளக்கிவிடுவது நல்லது. சட்டைப் பையில் காகிதம்கூட வேண்டாம். கைகளை உயர்த்திச் சில வினாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். செயற்கை மூட்டோ இதயமுடுக்கியோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அதிகாரி தொட்டுச் சோதிக்க நேர்ந்தால், தனியறை கேட்கலாம். தங்களைக் குற்றவாளியாக நினைத்துவிட்டார்களோ என்று அவர்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.