பாதி மலையில் திரும்பும் சைக்கிள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்காட்டுக்கும் பட்டணத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நம்மைச் சுமந்து சென்றது அதுதான். ஆனால் இன்று நம் பிள்ளைகள் விரும்பி ஓட்டுவது வேறு வகையான சைக்கிள். தடித்த டயர், நேரான கைப்பிடி, முன் சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளப் பல கியர்கள். மலைச் சைக்கிள் என்கிறோம். விடுமுறை வந்துவிட்டால் நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. அதை ஏறி முடித்தவன் ஊரில் ஒரு வாரம் தலைநிமிர்ந்து நடப்பான். அதில் தவறொன்றுமில்லை, உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்ல பயிற்சி.

இன்று நாம் பேச வந்தது ஏறி முடித்தவனைப் பற்றியன்று. வானம் கறுத்ததைக் கண்டு, பாதி வழியில் சைக்கிளைத் திருப்பியவனைப் பற்றி. அவன் வீடு திரும்பினால் முதலில் கிடைப்பது கேலிதான். “மழைக்குப் பயந்தா வந்துட்டே?” என்று கேட்பவர்கள், மலையில் மழை என்ன செய்யும் என்பதை அறிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது நமக்குப் புதிதா என்ன? பால்மரம் வெட்டுகிறவர்கள் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைப்பதில்லை. வைத்தால் பால் கோட்டின் வழியே மங்குக்குப் போகாமல் பட்டை முழுவதும் வழிந்து வீணாகும். வெட்டிய பிறகு பெருமழை பிடித்தால் மங்கில் சேர்ந்த பாலும் தண்ணீரோடு போய்விடும். அங்கே நட்டம் ஒரு நாள் கூலி. மலையில் நட்டக் கணக்கே வேறு.

முதலில், மலையில் மழை ஏன் பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது என்று பார்ப்போம். காலை வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான ஈரக்காற்று மலைச்சரிவை ஒட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. நண்பகலுக்குப் பிறகு அந்த மேகம் திரண்டு இடியும் மின்னலுமாக இறங்குகிறது. நம் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகுதி. ஆகவே விடியற்காலையில் தெளிவாக இருக்கும் வானம் பிற்பகலுக்கு உறுதி தராது. ஒன்பது மணிக்கு நிதானமாகப் பசியாறிவிட்டுப் புறப்படுகிற குழு, மலையின் மேல்பாதியை அடையும்போது மழையும் சரியாக அங்கே வந்து சேருகிறது.

இனி உடம்பைப் பற்றி. இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உடம்பு இங்கே நம்மை ஏமாற்றுகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். தாப்பாவைவிடத் தானா ராத்தா ஏறத்தாழ 9 பாகை குளிர்ச்சி. இது மட்டுமென்றால் பெரிதில்லை. ஆனால் நனைந்த உடம்பிலிருந்து வெப்பம் மிக விரைவாக வெளியேறும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஏற்றத்தில் மிதிக்கும்போது கால்கள் உலைபோல் வெப்பத்தை உண்டாக்குகின்றன. மழையில் நனைந்தாலும் அப்போது குளிர் தெரியாது. சுகமாகக்கூட இருக்கும். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று மனம் சொல்வது அந்தச் சூட்டின் பேச்சு. உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியதும் கால்களுக்கு வேலை இல்லை, உலை அணைந்துவிடுகிறது. நனைந்த சட்டையின்மேல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிரேக்கைப் பிடிப்பவை அந்த விரல்கள்தாம்!

உடலின் உள்வெப்பம் 37 பாகை இருக்க வேண்டும். அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நடுக்கம் எடுக்கும், பேச்சுக் குழறும், கைகால்கள் சொன்னபடி கேட்கமாட்டா, அறிவும் மந்தமாகும். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவனுக்குச் சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டான் என்று எண்ணிவிடக் கூடாது. உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெயில் நாடான நம் நாட்டில் இது நடக்குமா என்று சிலர் கேட்கலாம். குளிர் காய்வதற்குப் பனி பெய்ய வேண்டுமென்பதில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் காலி வயிறும் ஒன்றுசேர்ந்தால் நம் மலைகளிலும் நடக்கும்.

இந்த உண்மையை உலகுக்குக் காட்டிய ஒரு நாள் உண்டு. 1988ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள். இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் அன்று காவியா என்னும் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. உயரம் 2,600 மீட்டருக்கு மேல். மேலே பனிப்புயல். பந்தயத்தை நிறுத்தவில்லை. நெதர்லாந்து வீரர் யோகான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு, கையுறைகூட இல்லாமல், எல்லாருக்கும் முன்னால் உச்சியைக் கடந்தார். ஏற்றத்தில் அவரை வெல்ல ஆளில்லை. இறக்கத்திலோ குளிர் தாங்காமல் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. முடிவிடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினரோ அன்று காலையிலேயே கடைகளில் பனிச்சறுக்குக் கையுறைகளும் கம்பளி ஆடைகளும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் அன்று இரண்டாவதாக வந்து முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார். பிறகு அந்தப் பந்தயத்தையே வென்ற முதல் அமெரிக்கரும் ஆனார். அன்று தேறியவர்களும் எப்படி இறங்கினோம் என்று பின்னாளில் வியந்து பேசும் அளவுக்கு அந்த இறக்கம் கொடுமையாக இருந்தது.

31 ஆண்டுகளுக்குப் பின் அதே போன்ற நிலை பிரான்சில் வந்தது. 2019 ஜூலை 26. பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தின் 19ஆம் கட்டம். கொலம்பியாவைச் சேர்ந்த 22 வயது ஏகான் பெர்னால் மற்றவர்களைப் பின்தள்ளிவிட்டு இசெரான் கணவாயின் உச்சியை முதலில் கடந்துவிட்டார். கீழே போக வேண்டிய சாலையிலோ ஆலங்கட்டி மழை கொட்டி, சாலை வெள்ளைவெளேரென்று மூடிப்போயிருந்தது. மண்ணும் சரிந்து வழியை அடைத்திருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த வீரர்களுக்கு இது தெரியாது. பந்தயக்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திக் கார்களில் ஏற்றினார்கள். உச்சியைக் கடந்த நேரத்தையே கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அன்றைய கட்டத்துக்கு வெற்றியாளர் என்று யாரும் இல்லை. மறுநாள் ஓட்டத்தையும் 130 கிலோமீட்டரிலிருந்து 59.5 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். மஞ்சள் சட்டையை இழந்த பிரெஞ்சு வீரர் ஜூலியான் அலாஃபிலிப் இறக்கத்தில் மீட்டிருக்க முடியுமா, முடியாதா என்று பலர் வாதிட்டார்கள். வாதிடட்டும். ஓட்டியவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்ததால்தானே மறுநாள் வாதிட முடிந்தது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீரர்களுக்கு மறுபக்கத்தில் நடப்பதைச் சொல்லக் கார்களும் வானொலிக் கருவிகளும் இருந்தன. நம் பிள்ளைகளுக்கு அப்படி யாருமில்லை. மலை மடிப்புகளில் கைத்தொலைபேசியும் பல இடங்களில் வேலை செய்யாது. ஆகவே நிறுத்தும் அதிகாரியும் அவர்களேதாம். முடிவையும் ஏற்றத்திலேயே, உடம்பில் சூடும் தலையில் தெளிவும் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். உச்சியில் நின்று யோசிக்கலாம் என்று விட்டுவைத்தால், அங்கிருந்து கீழே வர அதே வழுக்கும் சாலைதான்.

பிரேக்கைப் பற்றியும் சொல்லிவிடுவோம். மலைச் சைக்கிளின் வரலாறே பிரேக்கோடு தொடங்குகிறது. 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் இறக்கப் பந்தயம் விட்டார்கள். அதற்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. ஒருமுறை இறங்கினாலே பின்சக்கரக் குடத்துக்குள் இருக்கும் பிரேக் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோகும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மீண்டும் அடைப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இன்று நல்ல வண்டிகளில் தட்டு பிரேக் வந்துவிட்டது. நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். ஆனால் விலை மலிந்த வண்டிகளிலும் பழைய வண்டிகளிலும் ரப்பர்க் கட்டை சக்கர விளிம்பைத்தான் பிடிக்கிறது. விளிம்பு நனைந்தால் ரப்பருக்கும் இரும்புக்கும் இடையே தண்ணீர் படலமாக நிற்கும். முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிப்பே இராது. முலாம் பூசிய இரும்பு விளிம்பு இதில் மிக மோசம். மழையில் இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால், வளைவு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அன்று. நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து சோப்புப் போல் வழுக்கும். செம்பனைப் பழம் ஏற்றிய லாரிகள் போகும் தோட்டச் சாலைகளில் சொல்லவே வேண்டாம். தட்டு பிரேக் இருந்தாலும் தரையைப் பிடிப்பது டயர்தான் என்பதை மறக்கக் கூடாது.

மின்னலுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒளியைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைமேலேயே விழலாம். சைக்கிளின் ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. நாற்புறமும் அடைத்த கட்டடமோ கூரையுள்ள காரோ தஞ்சம் தரும். தனி மரத்தடியும், சுவரில்லாத தகரக் கொட்டகையும் தரமாட்டா. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே கிளம்பக் கூடாது. ஒதுங்க இடமே இல்லையென்றால் மேட்டை விட்டு இறங்கி, வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் விலகி நிற்க வேண்டும். கூட்டமாக ஒண்டி நிற்பது நம் வழக்கம். இங்கே அது ஆகாது.

காட்டுப்பாதையில் போகிறவர்கள் ஓடையைக் கடக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேல்மலையில் பெய்த மழை ஒரே திரளாக ஓடையில் இறங்கி வரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கேட்டால், உடனே கரையேற வேண்டும். போகும்போது கணுக்காலளவு இருந்த ஓடை திரும்பும்போது இடுப்பளவு இருந்தால், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதுதான் வழி. மலைமண் சரிவது பற்றி நாம் அதிகம் விளக்கத் தேவையில்லை. 1995 ஜூன் 30இல் கெந்திங் செம்பாவிலும், 1996 ஆகஸ்ட் 29இல் கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங்கிலும், 2022 டிசம்பர் 16இல் பத்தாங்காலியிலும் நடந்தவை நம் நினைவில் இருக்கின்றன. பத்தாங்காலியில் மட்டும் 31 பேர் மாண்டார்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் போகாதே என்று தடுப்பதைவிட, புறப்படும் முன் இரண்டு கேள்வி கேட்பது நல்லது. எந்த வழியாகப் போகிறீர்கள்? எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புவீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும். விடியுமுன் கிளம்பினால் நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கலாம். குழுவில் யாராவது ஒருவன் “போதும், திரும்பலாம்” என்றால், காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்புவது என்றும் பேசிக்கொள்ளட்டும். பெரும்பாலும் வாய் திறக்க வெட்கப்படுகிறவனுக்குத்தான் குளிர் முதலில் தாக்கியிருக்கும். பையில் ஒரு மழைச்சட்டை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய உலர்ந்த சட்டை ஒன்று, கொஞ்சம் இனிப்புப் பண்டம் இருந்தால் போதும். விபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 999.

நனைந்து நடுங்கி வீடு வந்தவனை முதலில் உலர்த்துங்கள். ஈர உடையை அகற்றி, துடைத்து, கம்பளியால் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான தேநீர் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். சிலர் சம்சு கொடுத்தால் சூடேறும் என்பார்கள். அது தோலுக்கு இரத்தத்தை ஓட்டி, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். பேச்சுக் குழறினாலோ தூக்கக் கலக்கமாகக் கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஆள் தேறிய பிறகு வண்டியைப் பார்க்கலாம். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பிரேக் கட்டையில் மணல் ஏறியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். ரப்பர் தேய்ந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.