உருபு அறியாத இரவல்

ஒரு பாஷை சொந்தமா, இரவலா என்பதை எதைக்கொண்டு அறிவது? சொற்களை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பலரும் கருதுகின்றனர். துருக்கி மொழியின் இலக்கணத்தை நாம் சற்றே நோக்குவோமானால் இந்த எண்ணம் மாறும்.

அம்மொழியில் வீட்டுக்கு 'எவ்' என்று பெயர். 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெரிம்' என்றால் என் வீடுகள். 'எவ்லெரிம்தெ' என்றால் என் வீடுகளில். 'தெ' என்பதை எடுத்துவிட்டுத் 'தென்' சேர்த்தால், என் வீடுகளிலிருந்து என்று பொருள். பகுதி சிதையாமல் நிற்க, உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டும் இம்முறை தமிழருக்குப் புதிதன்று. ஆனால் உருபின் உயிரொலி பகுதியின் உயிரொலியோடு இசைய வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டுக்கு 'லெர்' ஆகும் பன்மை விகுதி, குதிரையைக் குறிக்கும் 'அத்' என்ற சொல்லுக்கு 'லர்' ஆகிவிடும்.

வினையும் அப்படியே. 'கெல்தி' என்றால் வந்தான். வந்தாள், வந்தது என்பனவும் அதுவே. பால் வேறுபாடு கிடையாது. நடுவே 'மெ' புகுந்து 'கெல்மெதி' என்றானால், வரவில்லை. 'கெல்மிஷ்' என்றாலோ, 'வந்தானாம்'! கண்ணால் கண்டதையும், கேட்டோ ஊகித்தோ அறிந்ததையும் விகுதியே பிரித்துக் காட்டிவிடுகிறது.

உதுமானியர் ஆட்சியில் அரபு, பாரசீகச் சொற்கள் வெள்ளமாய்ப் புகுந்தன. புத்தகம் என்னும் பொருளுள்ள 'கிதாப்' வந்தது. அதன் அரபுப் பன்மையாகிய 'குதுப்' என்பதையும் கற்றோர் அப்படியே எழுதினர். பொதுமக்கள் பேச்சின் உருபுகளோ அசையவில்லை.

1928-இல் முஸ்தபா கமால் அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தைக் கொணர்ந்தார். 1932-இல் மொழிச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். அன்னியச் சொற்கள் எத்தனையோ கழிக்கப்பட்டன. விளைவு யாது? 1927-இல் அவரே ஆறு நாட்கள் நிகழ்த்திய பேருரையை, பின்வந்த தலைமுறைக்காகத் தற்காலத் துருக்கியில் பெயர்த்து எழுத வேண்டியதாயிற்று!

'கிதாப்' மட்டும் போகவில்லை. 'கிதாப்லர்' என்று துருக்கிப் பன்மையை ஏற்று, அவ்வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. விருந்தாய் வந்த சொல்லைத் தன் உருபினால் ஆளும் மொழி அடிமையாவதில்லை. வந்த சொல்லையெல்லாம் துரத்தினாலோ, பாட்டனார் பேச்சு பேரனுக்கு எட்டாமற் போகக்கூடும். இவ்விரண்டையும் துருக்கியர் அனுபவத்தில் கண்டனர். நம் தமிழைக் குறித்து வாதிடும்போது நாமும் இதை நினைவில் இருத்துவது நன்று.