உயிர்க்கயிறு

நுழையும்முன்

முத்தும் சங்கும் உப்பும் தந்த தூத்துக்குடிக் கடற்கரை, உயிர்காக்கும் பாடங்கள் சிலவற்றையும் தந்திருக்கிறது. கடலில் மூழ்கியவர், கப்பல் தளத்தில் அடிபட்டவர், உப்பளத்து வெயிலில் மயங்கியவர் என எவராயினும், மருத்துவரிடம் சென்று சேரும்வரை அவர் உயிரைப் பிடித்து நிறுத்த ஒரு கை வேண்டும். அப்பணியை ஏற்பவரே அவசரக்கால மருத்துவ நுட்புநர். அவர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளைக் கடற்கரை வாழ்வின் பின்னணியில் இப்பாடம் விளக்குகிறது.

கயிறு பிடித்த கை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தொழில். கொற்கை முத்தின் புகழைச் சங்க இலக்கியங்கள் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், தண்டனை பெற்ற குற்றவாளிகள் கொற்கையில் முத்துக்குளிக்க ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. அத்தொழில் உயிருக்கு எத்துணை ஊறு விளைப்பதாக இருந்தது என்பதை இக்குறிப்பு உணர்த்தும்.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைப்பரப்பைக் கடற்கரை மக்கள் 'பார்' என்பர். குளிப்பவர் கனமான கல்லின் துணையால் விரைந்து அடித்தளத்தை அடைவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைச் சேகரிப்பார். பின்னர்க் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அந்நொடியே அவரை மேலே இழுத்துவிடுவார். அக்கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானாகிய மச்சானிடம் ஒப்படைப்பது வழக்கம் என்று கடற்கரையில் சொல்லப்படுவதுண்டு. தன் அக்காளோ தங்கையோ கணவனை இழக்கக் கூடாது என்று நினைப்பவன் கண்ணிமைக்காமல் கயிற்றைப் பார்த்திருப்பான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம்.

தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டு 1961. சங்குக்குளித்தல் அதன் பின்னரும் தொடர்கிறது. 1974ஆம் ஆண்டு தூத்துக்குடித் துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தொழில்கள் மாறின, இடர்களும் புதிய வடிவம் கொண்டன. ஆனால், கயிறு பிடிக்கும் விழிப்பான கையின் தேவை மாறவில்லை.

நேரமே மருந்து

மனித மூளை உயிர்வளியின்றி நெடுநேரம் தாங்காது. இதயத்துடிப்பு நின்ற நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைச் செல்கள் சிதையத் தொடங்குகின்றன. எவ்வளவு விரைந்து வரும் ஊர்தியும் எல்லா இடங்களையும் இந்நேரத்திற்குள் அடைந்துவிட இயலாது. ஆகவே, உயிர்காக்கும் பணி மூன்று கண்ணிகளைக் கொண்ட சங்கிலியாக அமைகிறது. அருகில் இருப்பவர் முதற்கண்ணி. ஊர்தியில் வரும் நுட்புநர் இரண்டாம் கண்ணி. மருத்துவமனை மூன்றாம் கண்ணி. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகும்.

அடிபட்டவரை மருத்துவரிடம் கொண்டுசெல்வது மட்டுமன்றி, மருத்துவத்தையே அடிபட்டவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் எண்ணம் போர்க்களத்தில் வலுப்பெற்றது. நெப்போலியனின் படை மருத்துவரான டொமினிக் ழான் லாரே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விரைவாக ஓடும் குதிரைவண்டிகளைப் போர்க்களத்திற்கு அனுப்பினார். இன்றைய அவசர ஊர்தியின் முன்னோடியாக அது கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஊர்தியிலும் ஓட்டுநரும் பயிற்சி பெற்ற மருத்துவ நுட்புநரும் பணியாற்றுகின்றனர். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணிநேர அவசர சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க வகைசெய்கிறது.

முதலில் பார், பின்னர்த் தொடு

நுட்புநர் கற்கும் முதற்பாடம் மருந்தைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. நிகழ்விடம் தமக்குப் பாதுகாப்பானதா என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே அவர் பாதிக்கப்பட்டவரை நெருங்க வேண்டும்.

இதன் இன்றியமையாமையைக் கப்பலின் சரக்கறை தெளிவாகக் காட்டும். நிலக்கரி, பழைய இரும்பு, மரத்தடி போன்ற சரக்குகள் மூடிய அறையில் இருக்கும்போது காற்றிலுள்ள உயிர்வளியை மெல்ல மெல்ல உறிஞ்சிவிடுகின்றன. இயல்பான காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளி உள்ளது. அது 10 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தால், உள்ளே இறங்கியவர் எவ்வித முன்னறிவிப்புமின்றி நினைவிழந்து விழுவார். உயிர்வளிக் குறைவிற்கு மணமில்லை, நிறமில்லை. விழுந்தவரைத் தூக்க ஓடி இறங்குபவரும் அவ்வாறே விழுவார். அவரைக் காக்க இறங்கும் மூன்றாமவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிகளில் நேரும் இறப்புகளிலும் இக்கொடிய வரிசையைக் காணலாம். காற்றை அளவிட்டறிந்து, மூச்சுக்கருவி அணிந்தவர் மட்டுமே இத்தகைய இடங்களில் இறங்க வேண்டும். காப்பாற்றச் சென்றவரே காப்பாற்றப்பட வேண்டியவராக ஆகிவிடக் கூடாது.

மூச்சு, குருதி, நினைவு

இடத்தின் பாதுகாப்பை உறுதிசெய்தபின், நுட்புநர் பாதிக்கப்பட்டவரை ஓர் ஒழுங்குமுறையில் ஆராய்கிறார். மூச்சுவழி திறந்துள்ளதா, மூச்சு இயங்குகிறதா, குருதியோட்டம் சீராக உள்ளதா என்பதே அவ்வொழுங்கு. கண்ணுக்கு அச்சமூட்டும் காயம் எப்போதும் உயிருக்கு முதன்மையான பகையாக இருப்பதில்லை. முறிந்த கால் காத்திருக்கும். அடைபட்ட மூச்சுவழி காத்திருக்காது. ஆனால், பீறிட்டு ஓடும் குருதியைக் கண்டால் அதனை அந்நொடியே அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். கை, கால்களில் ஏற்பட்ட பெருங்குருதிப்பெருக்கு அழுத்தத்திற்குக் கட்டுப்படாதபோது காயத்திற்கு மேலே இறுக்குப்பட்டை கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைப்பது வழக்கம்.

ஓய்வுநிலையிலுள்ள வளர்ந்தவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும் மூச்சு 12 முதல் 20 வரையும் இருப்பது இயல்பு. ஒருமுறை எடுத்த அளவைவிட, அடுத்தடுத்து எடுக்கும் அளவுகள் எத்திசையில் நகர்கின்றன என்பதே நுட்புநருக்கு மிகுதியாகப் பயன்படும். நினைவுநிலையை அளவிட, 1974ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் பயன்படுகிறது. கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் கொண்டு 3 முதல் 15 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. இதனால், துறைமுகத்தில் ஒருவர் கண்டதை மருத்துவமனையில் மற்றொருவர் ஐயமின்றிப் புரிந்துகொள்ள முடிகிறது.

பாதிக்கப்பட்டவரிடம் அசைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில், இதய நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ இடம்தர வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு வீதம் அளிப்பார்.

நீரில் மூழ்கியவர்

மூழ்கியவரைக் கரைசேர்த்தவுடன் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் இன்றும் பல இடங்களில் காணப்படும் வழக்கங்கள். இவை தீங்கானவை. இரைப்பையிலுள்ள நீர் மேலேறி மூச்சுவழியில் புகக்கூடும். விலைமதிப்பற்ற நிமிடங்களும் வீணாகும். மூழ்கியவரின் உடலில் முதலில் தீர்ந்துபோவது உயிர்வளியே. ஆகவே, மூச்சற்றுக் கிடப்பவருக்குப் பயிற்சி பெற்றவர் முதலில் மூச்சளித்து, பின்னர் மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும். நினைவு திரும்பி இயல்பாகப் பேசுபவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணிநேரம் கழித்தும் வெளிப்படலாம்.

ஆழத்தின் கணக்கு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு அழுத்தம் உடலைச் சூழ்கிறது. மூச்சடக்கிக் குளிப்பவருக்கு மேலேறும் நேரமே பேரிடர் மிக்கது. அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் எஞ்சியுள்ள உயிர்வளியின் அழுத்தமும் விரைந்து குறைவதால், நீர்மட்டத்தை நெருங்கும்போது அவர் திடீரென நினைவிழக்கக்கூடும். மேலிருந்து ஒருவர் கயிற்றைக் கவனித்து வந்த பழைய முறைக்கு அறிவியல் தரும் விளக்கம் இது.

அழுத்தப்பட்ட காற்றைக் குழாய்வழி மூச்சாக இழுத்து நெடுநேரம் அடியில் இருப்பவருக்கு வேறோர் இடர் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்தில் குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல் அது குமிழிகளாக வெளிப்படுகிறது. மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், கால்கள் செயலிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது அழுத்தநீக்க நோய் எனப்படும். குமிழிகளே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இல் விளக்கினார். படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் 1908இல் வெளியிட்டார்.

இந்நோயுற்றவரைப் படுக்கவைத்து, தூய உயிர்வளியைத் தொடர்ந்து அளித்து, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனையோடு தொடர்புகொள்ள வேண்டும். எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை இறங்கினார் என்பவற்றை உடன்வந்தவரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். வலி தீரும் என்று நம்பி மீண்டும் கடலில் இறங்குவது பேரிடரில் முடியும். மூட்டுவலியைக் களைப்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளும் ஓர் இரவு, ஒருவரை வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாதவராக்கிவிடலாம்.

வெயிலும் நஞ்சும்

உப்பளத்தில் உழைப்பவருக்கு வெயிலே பகை. உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுவந்து, உடலில் நீரூற்றி, விசிறிக் குளிர்விப்பதை உடனே தொடங்க வேண்டும். ஊர்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

திருக்கையின் முள் தைத்தால், பாதிக்கப்பட்ட உறுப்பைத் தாங்கத்தக்க சூடுள்ள நீரில் (45 டிகிரி செல்சியசுக்கு மிகாமல்) அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். ஆழமாகத் தைத்த முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பலர் ஒருங்கே பாதிக்கப்படும்போது

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டம் பெருமழையில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. சாலைகள் துண்டிக்கப்பட்டன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளுடன் நின்றுபோனது. ஊர்திகள் செல்ல இயலாத இடங்களுக்கு மீனவர்களின் படகுகள் சென்றன. சங்கிலியின் முதற்கண்ணி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

பேரிடரில் உதவுவோர் சிலர். உதவி வேண்டுவோர் பலர். அந்நிலையில் பாதிக்கப்பட்டோரை நிற அட்டைகளால் பிரிப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. உடனடிச் சிகிச்சையால் பிழைக்கக்கூடியவருக்குச் சிவப்பு. சற்றுக் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள். நடக்க இயன்றவருக்குப் பச்சை. உயிர் பிரிந்தவருக்குக் கறுப்பு. உரக்கக் கதறுபவரிடம் முதலில் ஓடத் தோன்றுவது மனித இயல்பு. கதறுபவருக்கு மூச்சு உண்டு. ஓசையின்றிக் கிடப்பவரையே முதலில் பார்க்க வேண்டும் என்று பயிற்சி கற்பிக்கிறது. உறவு, செல்வம், பதவி ஆகியவற்றுக்கு இப்பிரிப்பில் இடமில்லை.

ஒப்படைப்பு

மருத்துவமனையின் வாயிலில் நுட்புநரின் பணி முடிந்துவிடுவதில்லை. என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, என்னென்ன கண்டார், என்னென்ன செய்தார் ஆகிய நான்கையும் தெளிவாக மருத்துவரிடம் கூறி ஒப்படைக்க வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு செய்தி, கொடுக்காமல் விட்ட ஒரு மருந்துக்கு நிகர்.

சாலை விபத்தில் உதவினால் வழக்கில் சிக்க நேருமோ என்னும் அச்சம் பலரைத் தயங்கச் செய்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவர் தம் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முத்துக்குளித்தலில் கயிறு பிடித்தவர் உறவின் பொருட்டு விழித்திருந்தார். இன்று முன்பின் அறியாத ஒருவருக்காக நள்ளிரவிலும் விழித்திருப்பவர் அவசரக்கால மருத்துவ நுட்புநர். அவருக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அவர் வந்துசேரும்வரை கயிற்றை நழுவவிடாமல் பிடித்திருப்பது அருகில் நிற்கும் ஒவ்வொருவரின் கடமை.

தெரியுமா?

மருத்துவ அவசர உதவிக்கு 108, கடலில் இடருற்றோரை மீட்க இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093 ஆகிய எண்களை அழைக்கலாம். அழைப்பவர் இடம், அருகிலுள்ள அடையாளம், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூற வேண்டும். மறுமுனையில் இருப்பவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் முதலுதவி என்ற பெயரில் பின்பற்றப்படும் பழக்கங்களைத் தொகுத்து, அவற்றுள் தீங்கானவை எவை என மருத்துவப் பணியாளரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. 'துணிவு மட்டும் உயிரைக் காக்காது' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. விபத்தொன்றை நேரில் கண்டதாகக் கொண்டு, 108க்கு நீங்கள் தெரிவிக்கும் செய்தியை ஐந்து தொடர்களில் எழுதுக.