கொடுத்து வைத்த செடி

2021-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, ஜெயநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வைப்புத் தொகையைப் புதுப்பிக்க எங்கள் கிளைக்கு வந்தார். ரசீதுடன் செய்தித்தாளில் சுற்றிய இலை ஒன்றையும் மேசைமீது வைத்தார். அது பிரம்ம கமலத்தின் இலை. முந்தைய இரவு அவர் வீட்டில் ஏழு மலர்கள் ஒருசேர விரிந்தனவாம். தெருவினர் அனைவரையும் அழைத்துக் காட்டினாராம். விடிவதற்குள் வாடிவிடும் மலரை எங்களுக்குக் கொண்டுவர இயலாது என்பதால் இலையைக் கொண்டு வந்ததாகக் கூறினார்.

பெங்களூரு வீடுகளில் பிரம்ம கமலம் என்று வழங்குவது இமயமலையின் பிரம்ம கமலம் அன்று. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட கள்ளி இனச் செடி இது. நாம் இலை என்று கருதுவது உண்மையில் தட்டையான தண்டு. ஆகவேதான் அதனை மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கிறது. வெட்டிய முனையை இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, நீர் தேங்காத மண்ணில் நட வேண்டும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நாங்களும் அவ்வாறே நட்டு, கிளையின் சன்னலோரத்தில் வைத்தோம்.

2024 கோடையைப் பெங்களூரு மக்கள் எளிதில் மறவார். முந்தைய ஆண்டின் பருவமழை பொய்த்ததால் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. குடிநீரைத் தோட்டத்திற்கும் வாகனம் கழுவவும் பயன்படுத்தக் கூடாது, மீறினால் ரூ.5,000 அபராதம் என மார்ச் மாதத்தில் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீரல்லவா! அவ்வேளையில் அவ்வாசிரியை வெளியூரில் மகன் வீட்டில் இருந்தார். ஜூனில் திரும்பியபோது, வெயில் நேரே விழும் மொட்டைமாடியில் இருந்த அவருடைய செடிகள் அனைத்தும் கருகிவிட்டன. பிரம்ம கமலமும் தப்பவில்லை. எங்கள் கிளைக்கு வந்தவர், சன்னலோரத் தொட்டியைக் கண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். அன்று அவருடன் இரண்டு இலைகளை அனுப்பி வைத்தோம். அவர் தமக்கென வைத்திருந்தது அழிந்தது. பிறருக்குக் கொடுத்ததே அவருக்கு மிஞ்சியது.

வீட்டுத் தோட்டத்திற்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை என்று அன்று உணர்ந்தோம். பகிரத்தக்கவை எவை என்று இங்கே காண்போம்.

முதலாவது விதை. அவரை, தக்காளி ஆகியவற்றில் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நிகழ்வதால், நாட்டு வகைகளின் விதைகள் தாய்ச்செடியின் குணத்தைக் காக்கும். பூசணி, சுரை போன்றவை அருகிலுள்ள பிற வகைகளுடன் கலந்துவிடும். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அதே பலனைத் தராது. முற்றிய விதையை நிழலில் உலர்த்தி, பெயரையும் அறுவடை நாளையும் எழுதிக் கொடுப்பது நன்று. இத்தகைய பரிமாற்றத்திற்குப் பெங்களூரில் நல்ல மரபு உண்டு. வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த முனைவர் பி.என். விஸ்வநாத் மாடித்தோட்டக் கலையை இந்நகரில் பரப்பிய முன்னோடி. அவர் வழிகாட்டிய கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ் அமைப்பு 2011 முதல் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்னும் சந்தையை நடத்தி வந்துள்ளது. உன் தோட்டத்திலிருந்தே உன் உணவு என்பது அதன் பொருள்.

இரண்டாவது, நீரைச் சேமிக்கும் வழி. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். அதில் பாதியைத் தொட்டியில் பிடித்தாலும் பயனுண்டு. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் நாளொன்றுக்கு 10 லிட்டர் எனக் கொண்டால், மாதம் 300 லிட்டர் ஆகிறது. தொட்டி மண்ணின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் விரைவில் ஆவியாகாது. நீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுதி. அதனைச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றலாகாது.

மூன்றாவது உரம். 2012-இல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது நகரெங்கும் குப்பை குவிந்ததைப் பலர் நினைவில் கொண்டிருப்பீர்கள். சமையலறைக் கழிவின்மேல் காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூளை அடுக்கி வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் உரம் ஆகிவிடும். காய்ந்த இலை மிகுதியாக உள்ள வீடும் காய்கறிக் கழிவு மிகுதியாக உள்ள வீடும் ஒன்றுக்கொன்று உதவலாம்.

பகிர்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி விரைவில் பல மாவட்டங்களுக்கும் பரவியது. 2010-இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம், அப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவித்துப் பெருக்கி வழங்கியது, பூச்சியும் அடங்கியது. எனவே செடியைக் கொடுக்குமுன் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெண்பஞ்சு போலத் தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயையும் சில துளி சோப்புக் கரைசலையும் கலந்து தெளித்து, பூச்சி முற்றிலும் நீங்கிய பின்னரே கொடுங்கள். வாடிய செடியின் படத்தையும் நண்பர்களுக்குக் காட்டத் தயங்க வேண்டாம். மலர்ந்த பூவின் படம் மகிழ்ச்சி தரும். பழுத்த இலையின் படமோ அவர்கள் தோட்டத்தைக் காக்க உதவும்.

கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். தொட்டி, மண், விதை ஆகியவற்றுக்குச் செலவிட்டதை முதலாண்டிலேயே காய்கறியாகத் திரும்பப் பெறுவது அரிது. எனினும் ஒரு சிறு பேரேடு வைத்திருங்கள். விதைத்த நாள், பூத்த நாள் ஆகியவற்றுடன், யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். ஒரு வறட்சி ஆண்டுக்குப் பின் நீங்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கமாகவே இருக்கும்.

எங்கள் சன்னலோரச் செடியில் இப்போது புதிய தண்டுகள் வளர்ந்துள்ளன. கிளைக்கு வரும்போது கேளுங்கள். ஓர் இலை உங்களுக்கும் உண்டு.