உடல் காக்கும் பொருள்கள் – 6: ஆவாரம் பட்டையும் சேஃப்டி ஷூவும்

ஈரச் சிமெண்ட் கையில் பட்டதும் எரியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. எரிந்தால் உடனே கழுவிவிடுவோம். எரியாததால் கொத்தனாரும் சித்தாளும் மாலை வரை அதே கையோடு வேலை செய்கிறார்கள். தண்ணீர் பட்ட சிமெண்டின் காரத்தன்மை பிஎச் அளவில் 12-க்கு மேல். ஷூவுக்குள் புகுந்த கலவை சாக்ஸில் ஊறி, வீட்டுக்குப் போய்க் கழற்றும்போது தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருவது உண்டு.

இது காரம் செய்யும் வேலை. மெதுவாக வேறொன்றும் நடக்கிறது. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இயற்கையாகவே துளியளவு குரோமியம் உண்டு. சூளையில் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் அவை வேகும்போது, அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுகிறது. தண்ணீரில் எளிதில் கரைந்து தோலுக்குள் இறங்கும் வடிவம் அது. ஒருவருக்கு அதனால் ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போவதில்லை. விரலிடுக்கில் வெடிப்பு, நீர்வடிதல், தாங்க முடியாத அரிப்பு. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்து, காலையில் மறுபடி கலவையில் கைவைக்கிறவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

அப்படிப்பட்டவர் கையில் பாதுகாப்புக்கென்று ஒரு தோல் கிளவுஸைக் கொடுக்கிறோம். காலுக்கு ஒரு சேஃப்டி ஷூ. உலகில் விற்கும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிடப்பட்டது. பதனிடச் சேர்ப்பது தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம்தான். ஆனாலும் பதனிடுதல் சரியில்லாத தோலில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது, வியர்வையில் கசிகிறது. சிமெண்டால் தோல் கெட்டவருக்குக் காப்பென்று கொடுத்த ஷூவே அரிப்பைக் கிளப்பிவிடுகிறது. ‘ஷூ ஒத்துக்கலை’ என்று சொல்லி ஒருவர் ரப்பர் செருப்புக்குத் திரும்பினால், அதைச் சோம்பல் என்று எழுதிவைக்கும் மேற்பார்வையாளர்கள் தயவுசெய்து அவருடைய பாதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு இது வீட்டுப் பிரச்சினை. 1979-இல் தொடங்கிய அரசின் டான்செம் ஆலையில் ஆரம்பித்து, ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும். சுரங்கம், பேக்கிங் பிளான்ட், லோடிங், சூளைப் பராமரிப்பு என்று உடல் நோகும் இடங்களில் எல்லாம் காண்ட்ராக்ட் ஆட்களே அதிகம்.

ஐரோப்பா இதற்கு என்ன செய்தது? கிளவுஸிலிருந்து தொடங்கவில்லை, சிமெண்டிலிருந்து தொடங்கியது. கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2005 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது. டென்மார்க் 1980-களிலேயே இதைச் செய்துவிட்டது. வழியும் எளிது. அரைக்கும்போது கொஞ்சம் பெரஸ் சல்பேட் சேர்த்தால் போதும். டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைகளில் உபபொருளாக மிஞ்சுகிற பொருள் அது. பசுமைக் கவசம், அதாவது இயற்கைக்கு இசைந்த பாதுகாப்புப் பொருள் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கவசம் தடுக்க வேண்டிய விஷத்தை ஆலையிலேயே குறைக்க முடியும்போது ஏன் குறைக்கவில்லை?

பிறகு தோலுக்கு வருவோம். குரோமியம் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டை. பெரம்பலூர் வறண்ட மேடுகளில் பொங்கலுக்கு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரை. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் அப்படிப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியப் பதனிடுதலைச் சோதித்துப் பரப்பினார். வாரக்கணக்கில் ஆன வேலை சில நாளில் முடிந்தது. அந்த வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலை, தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் ஆவாரைக்கே திரும்பிவிடலாமா? முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தில் சுமார் 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோமியத் தோல் கொதிநீரைத் தாங்கும். சூளைப் பக்கம் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் விரலையே காப்பாற்றும். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் மண்ணுக்கு நல்லதாகிவிடாது. ஆவாரம் பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. அந்த மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டுப் புல்வெளிகளை இழந்தோம். என் எண்ணம் இது: நெருப்பை எதிர்கொள்ளும் மேல்பாகத்துக்கு நன்றாகப் பதனிட்ட குரோமியத் தோல் இருக்கட்டும், காலைத் தொடும் உட்புறமும் உள்ளங்காலடியும் குரோமியம் இல்லாத தோலாகவோ துணியாகவோ இருக்கட்டும். சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியம் இல்லாத முறைகளில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்துவருகிறது. அறிவுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

பருத்தியின் கதை இன்னும் தெளிவு. சிமெண்ட் ஆலையின் பிரீஹீட்டர் கோபுரத்தில் சைக்ளோன் என்னும் கூம்புக்கலன் அடைத்துக்கொள்ளும். 800 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சுண்ணாம்புக்கல் மாவு உள்ளே நிற்கும். குத்திவிடும்போது தண்ணீர்போல் பாய்ந்து வரும். அங்கே அலுமினியப் பூச்சுள்ள முழு உடையே வேண்டும், வேறெதுவும் உதவாது. ஆனால் அந்த உடைக்கு உள்ளே என்ன சட்டை என்பது பெரிய கேள்வி. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், உருகாது. பெரம்பலூரின் கரிசலில் பருத்தி விளைகிறது. பக்கத்து ஆலையின் சீருடையோ விலை குறைவென்று பாலியெஸ்டர் கலந்து வருகிறது. அதே பருத்தி கிளவுஸாகி ஈரக் கலவைக்குப் போனால் எதிரி. காரத்தை உறிஞ்சிக் கையோடு வைத்துக் கட்டிவிடும். அங்கே நைட்ரைலோ ரப்பரோ பூசியதுதான் சரி.

ஹெல்மெட் பற்றி ஒரு செய்தி. கரும்பு எத்தனாலிலிருந்து பிரேசிலில் 2010 முதல் பாலிஎத்திலீன் தயாரிக்கிறார்கள். அதில் செய்த தொழிற்சாலை ஹெல்மெட்டும் சந்தைக்கு வந்துவிட்டது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும்.

மாஸ்க் விஷயத்தில் மட்டும் இயற்கைப் பொருளை நம்பவே வேண்டாம். கிரஷரில் முகத்தைச் சுற்றிய துண்டு பெரிய தூசியைப் பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போய் சிலிக்கோசிஸ் உண்டாக்கும் நுண்தூசி அதன் இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். அதைப் பிடிப்பது மின்னேற்றம் பெற்ற பாலிபுரொப்பிலீன் இழை. தினம் ஒன்றைத் தூக்கியெறிவதற்குப் பதில், கழுவித் துடைத்துப் பல ஆண்டு வைத்துக்கொண்டு வடிகட்டியை மட்டும் மாற்றும் ரப்பர் முகக்கவசம் குப்பையையும் குறைக்கும், முகத்திலும் சரியாகப் பொருந்தும். ஒருமுறை வாங்கும் விலை அதிகம் என்பதால் காண்ட்ராக்டர் கணக்கில் அது ஏறுவதில்லை.

சுரங்கத்தில் இறங்குகிறவருக்குக் காப்பு ஷூவை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளே சொல்லிவிட்டன. எந்தத் தோல், எந்த அளவு, பெண்ணின் பாதத்துக்குப் பொருந்துமா என்பதெல்லாம் டெண்டரில் எழுதப்பட வேண்டியவை. இன்று அந்த டெண்டரை விலை ஒன்றே தீர்மானிக்கிறது.

எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில். இரண்டும் வெளிநாட்டுக் கால்களுக்கு ஷூ தைப்பதற்கானவை. அச்சும் தையலும் கற்ற பெண்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உருவாவார்கள். அந்தப் பூங்காக்களில் ஒரு லைனை உள்ளூர்க் குவாரிக்கும் சூளைக்கும் ஒதுக்கி, சிமெண்ட் ஆலைகளும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்தால், நாற்பது டிகிரி வெயிலில் எட்டு மணி நேரம் கழற்றாமல் போட்டுக்கொள்ளக்கூடிய, அடிப்பாகம் தேய்ந்தால் மாற்றித் தைக்கக்கூடிய ஒரு சேஃப்டி ஷூவை இங்கேயே உருவாக்கலாம். மாவட்ட நிர்வாகம் அந்தக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும்.

(தொடரும்)