பெப்ரவரி 29

பெப்ரவரி 29 கிரெகொரியின் நாட்காட்டியில் நெட்டாண்டுகளில் மட்டும் வரும் நாளாகும். இது நெட்டாண்டின் 60ஆம் நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 306 நாட்கள் உள்ளன. சாதாரண ஆண்டுகளில் பெப்ரவரி 28ஐ அடுத்து மார்ச் 1 வருகின்றது.

இந்நாள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகப் பொதுவாகக் கூறப்பட்டாலும், அது முழுமையான விதி அன்று. அந்த விதியைப் பாதி மட்டும் அறிந்திருந்ததால் நாட்காட்டிகளிலும், பிற்காலத்தில் கணினி மென்பொருட்களிலும் பல பிழைகள் நேர்ந்துள்ளன.

இந்நாள் ஏன் தேவைப்படுகின்றது

பருவங்கள் ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 365.2422 நாட்கள், அதாவது 365 நாட்கள் 5 மணி 48 நிமிடங்கள் 45 வினாடிகள் ஆகின்றன. ஆனால் நாட்காட்டியில் ஓர் ஆண்டிற்கு முழு எண்ணிக்கையிலான நாட்களே இருக்க இயலும். எல்லா ஆண்டுகளுக்கும் 365 நாட்கள் என்று வைத்துக் கொண்டால் ஆண்டுதோறும் கால் நாளுக்குச் சற்றுக் குறைவான நேரம் கணக்கில் விடுபட்டுப் போகும். நூறு ஆண்டுகளில் இது ஏறத்தாழ 24 நாட்களாகப் பெருகும். விதைப்புக்கும் அறுவடைக்கும் குறித்த தேதிகள் பருவத்தை விட்டு விலகிவிடும். இவ்வாறு விடுபடும் நேரத்தைச் சேர்த்து வைத்து ஒரு முழு நாளாக ஈடுசெய்வதே பெப்ரவரி 29இன் பணியாகும்.

விதி

கிரெகொரியின் நாட்காட்டியில் நெட்டாண்டைக் கண்டறியும் விதி மூன்று படிகளைக் கொண்டது.

1. ஆண்டின் எண் 4ஆல் மீதமின்றி வகுபட்டால் அது நெட்டாண்டு. (எ.கா: 2020, 2024)
2. ஆயினும் அவ்வெண் 100ஆல் வகுபட்டால் அது நெட்டாண்டு அன்று. (எ.கா: 1700, 1800, 1900, 2100)
3. ஆயினும் அவ்வெண் 400ஆல் வகுபட்டால் அது நெட்டாண்டே. (எ.கா: 1600, 2000)

இதன்படி ஒவ்வொரு 400 ஆண்டுகளிலும் 97 நெட்டாண்டுகள் வருகின்றன. ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365.2425 நாட்கள் ஆகின்றது. இது பருவ ஆண்டை விட ஏறத்தாழ 26 வினாடிகளே அதிகம். இந்த வேறுபாடு ஒரு முழு நாளாகச் சேர 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அடுத்தடுத்த நெட்டாண்டுகளில் இந்நாளின் கிழமை ஐந்து நாட்கள் முன்னோக்கி நகர்கின்றது. 2016இல் திங்கட்கிழமையாகவும், 2020இல் சனிக்கிழமையாகவும், 2024இல் வியாழக்கிழமையாகவும் இருந்தது. 2028இல் செவ்வாய்க்கிழமையாக இருக்கும். இடையில் 1900, 2100 போன்ற ஆண்டு குறுக்கிடாத வரை 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே கிழமை திரும்ப வரும்.

வரலாறு

ரோமானிய ஆட்சியாளர் யூலியஸ் சீசர் கிமு 45இல் நடைமுறைப்படுத்திய யூலியன் நாட்காட்டியே நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாளைச் சேர்க்கும் முறையை ஏற்படுத்தியது. அக்காலத்தில் மேலதிக நாள் மாத இறுதியில் சேர்க்கப்படவில்லை. பெப்ரவரி 24ஆம் நாளையே இரு முறை எண்ணினர். மாதத்தின் நாட்களை 1 முதல் வரிசையாக எண்ணும் வழக்கம் பரவிய பின்னரே 29 என்ற எண் மேலதிக நாளுக்கு உரியதாயிற்று.

இவ்விதியில் முதல் பிழை சீசர் இறந்த உடனேயே ஏற்பட்டது. ரோமானியர்கள் எண்ணும்போது தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணுவர். ஆகவே "நான்காவது ஆண்டு" என்பதைக் குருமார்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எனக் கொண்டனர். 36 ஆண்டுகளில் 9 நெட்டாண்டுகள் வரவேண்டிய இடத்தில் 12 வந்தன. பேரரசர் அகஸ்டஸ் அடுத்து வந்த சில நெட்டாண்டுகளைக் கைவிட்டு இதனைச் சரி செய்தார்.

யூலியன் ஆண்டின் நீளமான 365.25 நாட்கள் பருவ ஆண்டை விட 11 நிமிடங்களுக்குச் சற்று அதிகம். 128 ஆண்டுகளில் இது ஒரு நாளாகச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் வசந்த காலச் சம இரவு நாள் மார்ச் 21இற்குப் பதிலாக மார்ச் 11 அளவில் வந்தது. எனவே திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் புதிய நாட்காட்டியை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழக்கிழமையை அடுத்து அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை வந்தது. மேற்கூறிய விதியின் இரண்டாம், மூன்றாம் படிகள் அப்போது சேர்க்கப்பட்டவையே.

எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் இதனை ஏற்கவில்லை. ஆகவே 1700 முதல் சில நூற்றாண்டு ஆண்டுகளில் ஒரு நாட்டில் பெப்ரவரி 29 இருந்தது. மற்றொரு நாட்டில் இல்லை. 1900ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் பெப்ரவரி 29 இல்லை. யூலியன் நாட்காட்டியைப் பின்பற்றிய ரஷ்யாவில் இருந்தது.

சுவீடன் 1700 முதல் 40 ஆண்டுகளுக்கு நெட்டாண்டுகளைக் கைவிட்டுப் படிப்படியாகப் புதிய நாட்காட்டிக்கு மாறத் திட்டமிட்டது. 1700இல் பெப்ரவரி 29 கைவிடப்பட்டது. ஆனால் 1704, 1708 ஆகிய ஆண்டுகளில் திட்டத்திற்கு மாறாக அந்நாள் சேர்க்கப்பட்டது. இதனால் சுவீடனின் தேதி யூலியன் நாட்காட்டியுடனும் பொருந்தவில்லை, கிரெகொரியின் நாட்காட்டியுடனும் பொருந்தவில்லை. இறுதியில் 1712இல் பெப்ரவரி 29ஐ அடுத்து பெப்ரவரி 30 என்ற நாளையும் சேர்த்து யூலியன் முறைக்கே திரும்பினர். சுவீடன் கிரெகொரியின் நாட்காட்டியை 1753இல் ஏற்றது.

இந்திய நாட்காட்டிகளில்

இந்தியத் தேசிய நாட்காட்டியும் நெட்டாண்டிற்கு இடமளிக்கின்றது. சாதாரண ஆண்டுகளில் சைத்திர மாதம் மார்ச் 22இல் தொடங்கி 30 நாட்களைக் கொண்டிருக்கும். நெட்டாண்டுகளில் மார்ச் 21இல் தொடங்கி 31 நாட்களைக் கொண்டிருக்கும்.

தமிழ் நாட்காட்டியில் தனியாக நெட்டாண்டு நாள் கிடையாது. சூரியன் ஓர் இராசியில் புகும் நேரத்தைக் கொண்டே மாதம் பிறப்பதால், மாதங்களின் நீளம் 29 முதல் 32 நாட்கள் வரை தானாகவே மாறுபடுகின்றது. எனினும் பெப்ரவரி 29இன் விளைவைத் தைப்பொங்கல் தேதியில் காணலாம். சூரியன் மகர இராசியில் புகும் நேரம் ஆங்கிலத் தேதிக் கணக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 மணி நேரம் தள்ளிப் போகின்றது. பெப்ரவரி 29 வந்ததும் அடுத்த பொங்கல் ஒரு நாள் அளவிற்குப் பின்னிழுக்கப்படுகின்றது. 2024இல் சனவரி 15 அன்று கொண்டாடப்பட்ட பொங்கல் 2025இல் சனவரி 14இற்குத் திரும்பியது இதனாலேயே.

கணினியில் பெப்ரவரி 29

நெட்டாண்டு விதியை நிரலாக எழுத இரண்டு அல்லது மூன்று வரிகள் போதும். இருந்தும் இது கணினித் துறையில் அடிக்கடி நேரும் பிழைகளுள் ஒன்றாகும்.

முதல் வகை விதியையே தவறாகக் கொள்வது. லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் 1900ஐ நெட்டாண்டாகக் கணக்கிட்டது. அதன் கோப்புகளுடன் ஒத்திசைய வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் எக்செல் மென்பொருளும் அப்பிழையை அவ்வாறே வைத்துக்கொண்டது. எக்செலில் 60 என்ற நாள் எண்ணைத் தேதியாக மாற்றினால், இவ்வுலகில் பெரும்பாலான நாடுகள் காணாத 1900 பெப்ரவரி 29 என்ற தேதி கிடைக்கும்.

இரண்டாம் வகை 366ஆம் நாளை எதிர்பாராமை. 1996 டிசம்பர் 31 அன்று நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆண்டின் 366ஆம் நாளை ஏற்காமல் செயலிழந்தன. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிகாபைட் சூன் இசைக் கருவிகள் இதே போன்ற காரணத்தால் உறைந்து நின்றன.

மூன்றாம் வகை ஆண்டின் எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவது. 2012 பெப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அசூர் மேகக் கணிமைச் சேவை முடங்கியது. ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழ்களை உருவாக்கிய நிரல், முடிவுத் தேதியை 2013 பெப்ரவரி 29 எனக் கணக்கிட்டதே காரணம். அப்படி ஒரு தேதி இல்லாததால் சான்றிதழ் உருவாகவில்லை. 2024 பெப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் பல தன்னியக்க எரிபொருள் நிலையங்களில் கட்டணம் செலுத்தும் கருவிகள் பல மணி நேரம் இயங்கவில்லை.

"4ஆல் வகுபட்டால் நெட்டாண்டு" என்று மட்டும் எழுதப்பட்ட நிரல் 1901 முதல் 2099 வரை சரியான விடையையே தரும். 2000ஆம் ஆண்டு 400ஆல் வகுபடுவதால் அதுவும் இப்பிழையை வெளிப்படுத்தவில்லை. 2100இல்தான் அது முதன்முறையாகத் தவறும்.

பிறந்த நாளும் சட்டமும்

பெப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் பிறந்த தேதி வருவதில்லை. குறிப்பாக, இவர்களுள் எவருக்கும் 18 வயது நிறைவு பெப்ரவரி 29இல் அமையாது. 4ஆல் வகுபடும் எண்ணுடன் 18ஐக் கூட்டினால் 2 மீதம் வரும் என்பதே காரணம். எனவே வாக்குரிமை, ஓட்டுநர் உரிமம், திருமணம் போன்றவற்றிற்கு எந்த நாளில் வயது நிறைவடைகின்றது என்பதைச் சட்டமே தீர்மானிக்க வேண்டியுள்ளது. ஹாங்காங்கில் மார்ச் 1 எனவும், தாய்வானில் பெப்ரவரி 28 எனவும் கொள்ளப்படுகின்றது.

நிகழ்வுகள்

1504 - யமேக்காவில் சிக்கியிருந்த கொலம்பஸ், சந்திர கிரகணம் நிகழும் என்பதை வானியல் அட்டவணை மூலம் முன்னரே அறிந்து, அதனைக் காட்டி அச்சுறுத்திப் பழங்குடி மக்களிடம் இருந்து உணவு பெற்றார் (யூலியன் நாட்காட்டி).
1692 - மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் சூனியக்காரிகள் வழக்கில் முதல் மூன்று பெண்களைக் கைது செய்ய ஆணை பிறப்பிக்கப்பட்டது (யூலியன் நாட்காட்டி. கிரெகொரியின் நாட்காட்டியில் இது மார்ச் 10).
1940 - ஹாட்டி மெக்டானியல் ஆஸ்கார் விருது பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் ஆனார்.
1960 - மொரோக்கோவின் அகாதிர் நகரில் நள்ளிரவுக்குச் சற்று முன்னர் நிலநடுக்கம் ஏற்பட்டது. 12,000 பேர் வரை அல்லது அதற்கு மேல் இறந்தனர். இது நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும்.
1988 - தென்னாப்பிரிக்காவில் இனவொதுக்கலுக்கு எதிராகப் பேரணி நடத்திய பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஏனைய மதகுருக்களுடன் கைது செய்யப்பட்டார்.
1996 - பொஸ்னியாவில் 1992 முதல் நீடித்த சாரயேவோ முற்றுகை அதிகாரபூர்வமாக முடிவுற்றது.
2004 - எயிட்டி குடியரசுத் தலைவர் ழான் பெர்ட்ராண்ட் அரிஸ்டைட் பதவி இழந்து நாட்டை விட்டு வெளியேறினார்.
2012 - 634 மீட்டர் உயரமான டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் கட்டுமானம் நிறைவடைந்தது.
2020 - ஐக்கிய அமெரிக்காவும் தாலிபான்களும் கத்தாரின் தோகா நகரில் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர்.

பிறப்புகள்

1792 - ஜொவாக்கினோ ரொசினி, இத்தாலிய இசையமைப்பாளர் (இ. 1868)
1860 - எர்மன் ஒலரித், அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் (இ. 1929). இவரது துளை அட்டை இயந்திரங்கள் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்பட்டன. இவரது நிறுவனம் பின்னர் ஐபிஎம் ஆக வளர்ந்த நிறுவனத்துடன் இணைந்தது.
1896 - மொரார்ஜி தேசாய், இந்தியப் பிரதமர் (இ. 1995)
1904 - ருக்மிணி தேவி அருண்டேல், மதுரையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர், கலாசேத்திராவை நிறுவியவர் (இ. 1986)

இவர்களுள் மொரார்ஜி தேசாய்க்கு 1900 நெட்டாண்டாக இல்லாததால், பிறந்த பின்னர் முதன்முறையாகப் பெப்ரவரி 29 வந்தது எட்டு வயது நிறைவில், 1904இல் ஆகும். ருக்மிணி தேவி பிறந்தது அதே நாளில்தான். 1977இல் பிரதமரான தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு ருக்மிணி தேவியின் பெயரை முன்மொழிய விரும்பினார். அவர் அதனை ஏற்கவில்லை. 99 ஆண்டுகள் வாழ்ந்த தேசாய்க்கு வந்த பிறந்த தேதிகள் 23 மட்டுமே. 2096 பெப்ரவரி 29 அன்று பிறக்கும் குழந்தைகளும், 2100 நெட்டாண்டு அன்று என்பதால், தங்கள் முதல் பிறந்த தேதிக்கு 2104 வரை காத்திருக்க வேண்டும்.

இறப்புகள்

1868 - முதலாம் லுட்விக், பவேரியாவின் முன்னாள் மன்னர் (பி. 1786)
1944 - பேர் எவிண்ட் ஸ்வின்ஹூவுட், பின்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் (பி. 1861)
2024 - பிரையன் மல்ரோனி, கனடாவின் முன்னாள் பிரதமர் (பி. 1939)

சிறப்பு நாள்

அரிய நோய்கள் நாள் - அரிதாக வரும் நாள் என்பதால் இந்நாள் தெரிவு செய்யப்பட்டு, 2008 பெப்ரவரி 29இல் ஐரோப்பாவில் முதன்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரி 28இல் கடைப்பிடிக்கப்படுகின்றது.